மருந்து யாருக்கு? குதிரைக்கா, பந்தயத்துக்கா?

அமெரிக்கக் குதிரைப் பந்தயத் திடல்களிலே நெடுநாளாக ஒரு வாதம் நடக்கிறது. ஓட்டத்துக்கு நான்கு மணி நேரம் முன்னதாக, லாசிக்ஸ் என்ற மருந்தைக் குதிரைக்கு ஊசி மூலம் ஏற்றலாமா, கூடாதா என்பதே அந்த வாதம்.

நோய் என்ன? முழு வேகத்தில் ஓடும் குதிரையின் நுரையீரலில் இரத்த அழுத்தம் ஏறுகிறது, நுண்ணிய குழாய்கள் வெடிக்கின்றன, இரத்தம் கசிகிறது. லாசிக்ஸ் உடல் நீரைச் சிறுநீராக வெளியேற்றி, அந்த அழுத்தத்தைத் தணிக்கிறது.

மருந்து பலிக்கிறதா? பலிக்கிறது! தென்னாப்பிரிக்காவில் 167 குதிரைகளை இருமுறை ஓடவிட்டு, ஒருமுறை மருந்தும் மறுமுறை வெறும் உப்புநீரும் ஏற்றிப் பார்த்தார்கள். மருந்து ஏற்றியபோது கசிவு குறைந்தது. 2009ல் வெளிவந்த இந்த முடிவை நாம் மறுக்கவில்லை. பகுத்தறிவு பேசுகிறவர்கள், பிடிக்காத உண்மைக்குக் கதவடைக்கக் கூடாது.

ஆனால் 1999ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றும் இருக்கிறதே! அமெரிக்கா, கனடா நாடுகளில் ஓடிய 22,589 குதிரைகளைக் கணக்கெடுத்தார்கள். மருந்து ஏற்றிய குதிரைகள் விரைந்து ஓடின, அதிகம் வென்றன, அதிகப் பணம் ஈட்டின. நோய் தணிக்க வந்த மருந்து, பணப்பையையும் நிரப்பியது. விளைவு? அமெரிக்காவில் ஓடிய குதிரைகளில் 100க்கு 90க்கு மேல் ஊசி ஏறும் காலமும் வந்தது.

"அத்தனையும் நோயாளிகளா?" என்று கேட்டால், "ஏறக்குறைய எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஓரளவு கசிவு உண்டு" என்கிறார்கள் மருந்தை ஆதரிப்பவர்கள். உண்மைதான். அப்படியானால் கோளாறு குதிரையிடமா, ஓட்டுகிற முறையிடமா?

பிரிட்டனில் ஓட்ட நாளன்று இம்மருந்துக்குத் தடை, பயிற்சியின்போது தடையில்லை. அங்கேயும் குதிரைக்கு இரத்தம் கசியாமல் இல்லை. ஆகவே தடை மட்டும் கருணையாகிவிடாது. ஆஸ்திரேலியாவின் விதியோ வேறு வழி காட்டியது: இரு நாசிகளிலும் இரத்தம் வழிந்த குதிரைக்கு மூன்று மாதம் பந்தயம் இல்லை; மறுமுறை வழிந்தால் வாழ்நாள் முழுதும் இல்லை!

அமெரிக்கா 2020ல் சட்டம் செய்தது. இரண்டு வயதுக் குதிரைகளுக்கும், பெரும் பந்தயங்களில் ஓடும் குதிரைகளுக்கும் ஓட்ட நாளில் மருந்து கூடாது என்றது. மற்றவற்றுக்கு, ஆராய்ச்சி நடக்கும்வரை மூன்றாண்டுச் சலுகைக்கு வழிவிட்டது. பேர்பெற்ற குதிரைக்கு ஒரு நீதி. அன்றாடம் ஓடி உழைக்கும் குதிரைக்கு வேறொரு நீதி!

தோழர்களே! நெஞ்சிலே இரத்தம் கசியும் தொழிலாளிக்கு ஓய்வு தராமல், ஊசி போட்டு ஆலைக்கு அனுப்பினால் அதை வைத்தியம் என்போமா? மருந்து பலிக்கிறது என்பதை ஆராய்ச்சி காட்டிவிட்டது. பலித்த மருந்தால் குதிரைக்கு ஓய்வா, முதலாளிக்கு இன்னொரு ஓட்டமா என்பதை ஆராய்ச்சிசாலை தீர்மானிப்பதில்லை. விதி செய்கிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். குதிரை வேலைநிறுத்தம் செய்யாது, மனுவும் கொடுக்காது. கசிவு கண்ட குதிரைக்கு மருந்தும் கொடுங்கள், ஓய்வும் கொடுங்கள். மருந்தைக் காட்டி ஓய்வைப் பறிக்காதீர்கள் என்று அதற்காக நாம்தான் கேட்க வேண்டும்.