உங்களுக்குத் தெரியுமா? 1 டிபி டிஸ்க்கில் 931 ஜிபிதான்!

புது 1 டிபி ஹார்டு டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை; கணக்குதான் இரண்டு விதம்.

• டிஸ்க் தயாரிப்பாளர்களுக்கு 1 ஜிபி என்பது 100 கோடி பைட். ஆயிரம் ஜிபி சேர்ந்தால் 1 டிபி, அதாவது 1 லட்சம் கோடி பைட்.

• விண்டோஸ் ஆயிரத்துக்குப் பதில் 1,024ஆல் பெருக்கும். அதன்படி 1 ஜிபி என்பது சுமார் 107.37 கோடி பைட். லட்சம் கோடியை இதால் வகுத்துப் பாருங்கள்: 931!

• 64 ஜிபி பென் டிரைவ் 60 ஜிபிகூடக் காட்டாததற்கும் இதுவே காரணம்.

• மேக் கம்ப்யூட்டர்கள் 2009இல் ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டன. அதே டிஸ்க்கை அங்கே செருகினால் 1 டிபி என்றே காட்டும்.

• ரேமுக்கு மட்டும் தயாரிப்பாளரும் 1,024 கணக்குதான். 8 ஜிபி வாங்கினால் முழுசாக 8 ஜிபி!