வீடு தேடி வரும் விஞ்ஞான மடல்கள்

செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் வீசத் தொடங்கிவிட்டால் இலத்தூர்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது, குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே அருவிக்கரையில் ஒரு பேச்சைக் கேட்டிருப்பீர்கள். தொடர்ந்து சில நாள் தலையில் அருவி விழுந்தால் சித்தம் தெளியும் என்பார்கள். மனநோயாளிகளை அழைத்து வந்து நீராட்டுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம்.

குளிப்பது சுகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நோய் தீருமா? எத்தனை பேர் நீராடினார்கள்? நீராடாதவர்களில் எத்தனை பேர் தாமாகவே தேறினார்கள்? ஓராண்டு கழித்து அவர்கள் நிலை என்ன? இவற்றைக் கேட்காமல் விடை கூற இயலாது.

இப்படிக் கேட்கப் பழக்கும் செய்தி மடல்கள் சில உண்டு. மடல் மூலம் விஞ்ஞானம் பரவுவது புதிதன்று. இலண்டன் ராயல் சங்கத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க், பல நாட்டு அறிஞர்களுடன் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். அதிலிருந்தே 1665-இல் ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். இன்று அக்கடிதங்கள் மின்னஞ்சலில் வருகின்றன.

மனநலத்துக்கு நான் விரும்பிப் படிப்பது இங்கிலாந்திலிருந்து வரும் 'மென்டல் எல்ஃப்'. எல்ஃப் என்றால் குட்டிச்சாத்தான். பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்! ஓர் ஆய்வை எடுத்துக்கொண்டு, அதன் முடிவோடு குறைகளையும் எடுத்துரைப்பார்கள். (எதைப் படித்தாலும், டாக்டர் கொடுத்த மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது.)

அரசியலுக்கு, 2005-இல் டெல்லியில் தோன்றிய 'பி.ஆர்.எஸ்.' நிறுவனத்தின் மாதாந்திர மடல். நாடாளுமன்றத்துக்கு வரும் மசோதாக்களை ஆதரிக்காமலும் எதிர்க்காமலும் விளக்குவார்கள். 'மனநோய்க்கும் மசோதாவுக்கும் என்ன தொடர்பு?' என்பீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அது 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நம் வீட்டார் ஒருவருக்கு நோய் வந்தால் அவருக்குள்ள உரிமைகள் இப்படிப்பட்ட சட்டங்களில்தாம் இருக்கின்றன.

பொது விஞ்ஞானத்துக்கு அமெரிக்காவின் 'குவான்டா'. கணிதமும் பௌதிகமும் அதிகம். சில கட்டுரைகள் கடினமானவைதாம். ஆனால் ஆய்வில் பங்கேற்காத விஞ்ஞானிகளின் கருத்தையும் கேட்டு எழுதுகிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம்.

மூன்றும் ஆங்கிலத்தில் வருபவை, கட்டணம் இல்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாரம் ஒரு கட்டுரை படித்தால் போதும். வீட்டுப் பெரியவரின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பிடிக்கவில்லையா? மடலின் அடியில் விலகிக்கொள்ளும் வழி இருக்கும். அதைத் தொட்டால் மடல் நின்றுவிடும்.