மகப்பேறும் மண்டோர் பதவியும்

மண்டோர் பதவியை எதிர்நோக்கும் பால்மரத் தொழிலாளர் தாய்மார், கருவுற்றதும் அஞ்சி வேலையை விட்டு விலக எண்ணுவதுண்டு. அது வேண்டாத அச்சமாகும். கருவுற்றிருப்பதற்காக ஒரு பெண்ணை வேலைநீக்கம் செய்தல் சட்டப்படி குற்றம். தீபகற்ப மலேசியாவில் 60 நாள்களாக இருந்த பிரசவ விடுப்பும் 2023 சனவரி முதல் 98 நாள்களாக உயர்ந்துள்ளது. விடுப்புக்காலப் படித்தொகையைப் பெற, பேற்றுக்கு முந்திய 9 மாதங்களில் மொத்தம் 90 நாள்களேனும் வேலை செய்திருத்தல் வேண்டும். கடைசி 4 மாதங்களில் எப்போதேனும் அத்தோட்டத்தில் பணியில் இருந்திருத்தலும் வேண்டும். மூன்றாம் மாதத்திலேயே விலகியவருக்கு அது எவ்வாறு கிட்டும்? உயிருடன் 5 பிள்ளைகள் உள்ளவருக்கும் அத்தொகை இல்லை.

பேற்றுக்குப்பின் அடுத்த கருவுக்கு ஈராண்டேனும் இடைவெளி விடுமாறு உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. புதிய பதவியில் பழகவும் அக்காலம் உதவும். இதனைக் கணவரும் கூடியிருந்தே முடிவு செய்தல் வேண்டும். ஓராண்டு பணியாற்றிய கணவர் 30 நாள்களுக்கு முன்னரே அறிவித்தால், அவருக்கும் 7 நாள் விடுப்பு உண்டு.