என்ஜினை விட்டு வராத கியர் பெட்டியைத் தோட்டத்திலேயே பிரிக்கும் முறை

(விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர், கோயமுத்தூர்)

கோயமுத்தூர்ப் பிரதேசத்துக் குடியானவர்களுக்கு யந்திரங்கள் புதியனவல்ல. 1937-ஆம் வருஷத்தில் ஸ்ரீ ஜி. டி. நாயுடுவும் ஸ்ரீ டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரைச் செய்தது இவ்வூரிலேயாம். கிணற்றுமேட்டிலிருந்த கவலை மறைந்து பம்பு வந்தது முதல், சிறு பழுதுகளைத் தாமே பார்த்துக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது.

இன்றும் பல தோட்டத்துச் சாளைகளில் பழைய ஜீப்பு, அம்பாஸடர், மாருதி 800 ஆகிய வண்டிகள் உழைத்து வருகின்றன. பின்னிரண்டின் உற்பத்தியும் 2014-ஆம் வருஷத்தோடு நின்றுவிட்டபடியால், கியர் பெட்டி கெட்டால் உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் ஒன்றை வாங்கி வந்து, சாளையிலேயே மாற்றிக்கொள்ள முற்படுவோர் உண்டு. எல்லாப் போல்ட்டுகளையும் கழற்றிய பின்னும் பெட்டி அசையாதபோது கடப்பாரையை நாடுவதே பெரும் நஷ்டத்துக்குக் காரணம். அலுமினிய வார்ப்பின் காது ஒன்று உடைந்தால் நல்ல பெட்டியும் பழைய இரும்பு விலைக்கே போகும். ஆகவே, பெட்டி ஏன் இறுகுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பெட்டி பிடித்துக்கொள்ளும் இடங்கள்

என்ஜினும் கியர் பெட்டியும் மூன்று இடங்களில் ஒன்றையொன்று பற்றியுள்ளன. முதலாவது, சுற்றிலும் உள்ள போல்ட்டுகள். இரண்டாவது, இரு முகங்களும் இம்மியும் பிசகாமல் பொருந்துவதற்காக வைத்துள்ள இரண்டு டவல் முளைகள். இவை எஃகாலானவை, பெட்டியோ பெரும்பாலும் அலுமினியம். இவ்விரு உலோகங்களும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரித்து, வெண்பொடி பூத்து, முளையை இறுக்கிக்கொள்ளும். மூன்றாவது, பெட்டியிலிருந்து நீளும் தண்டு. அதன் பற்கள் கிளட்ச் தட்டின் நடுத்துளையில் பொருந்தியிருக்கும். பல வண்டிகளில் தண்டின் நுனி கிராங்கின் முனையிலுள்ள சிறு பேரிங்கிலும் நுழைந்திருக்கும். மழையில் நெடுநாள் கிடந்த வண்டிகளில் இவ்விடங்கள் துருவேறிவிடும்.

இடைவெளியே குறி சொல்லும்

பெட்டியைக் கையால் பற்றி இலேசாக அசைத்து, இணைப்பைச் சுற்றிலும் விளக்கு வைத்துப் பார்க்கவும். எங்குமே இடைவெளி காணாவிடில், போல்ட்டு ஏதேனும் மிஞ்சியிருக்கிறது, அல்லது இரு முளைகளும் இறுகியுள்ளன. ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் ஒட்டியிருந்தால், குற்றம் ஒட்டிய பக்கத்தில் உள்ளது. சுற்றிலும் சமமாக அரை அங்குலம் வரை வந்து நின்றுவிட்டால், முளைகள் விட்டுவிட்டன, தண்டே பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

முன்னேற்பாடுகள்

வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றவும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழைதல் கூடவே கூடாது. உறுதியான இரும்புத் தாங்கிகள் வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் திடீரென நொறுங்கக்கூடியவையாதலால் அவை உதவா.

பிறகு கியர் ஆயிலை வடித்து, பின்சக்கர ஓட்டமுள்ள வண்டிகளில் நீள்தண்டையும், மாருதி 800 போன்ற முன்சக்கர ஓட்டமுள்ளவற்றில் இரு டிரைவ் ஷாப்டுகளையும் நீக்கவும். கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், மின்கம்பிகள், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றைக் கழற்றவும். என்ஜினின் கீழ் மரப்பலகை வைத்து ஒரு ஜாக்கியும், பெட்டியின் கீழ் மற்றொன்றும் கொடுத்த பின்னரே தாங்கு ரப்பர்களை விடுவிக்கவேண்டும். வடித்த ஆயிலை வாய்க்காலிலோ நிலத்திலோ கொட்டலாகாது. தகரத்தில் சேர்த்துப் பழைய எண்ணெய் எடுப்போரிடம் கொடுக்கவும்.

பிரிக்கும் முறை

1. துளைகளை எண்ணுக. அழுக்கைச் சுரண்டி, கழற்றிய போல்ட்டுகளைத் துளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். உச்சியிலும் ஸ்டார்ட்டருக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் போல்ட்டே பலமுறை குற்றவாளி.

2. பாரத்தைச் சமன் செய்க. ஜாக்கியைச் சிறிது ஏற்றியும் இறக்கியும் பார்க்கவும். என்ஜினும் பெட்டியும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிடில் துருவில்லாத முளையும் இறுகி நிற்கும்.

3. துரு இளக்கும் எண்ணெயை முளைகளின் மேல் விட்டு ஓர் இரவு ஊறவிடவும். மறுநாள் அவ்விடத்துக்கு அருகில் மரச் சுத்தியால் பலமுறை மெதுவாகத் தட்டவும். ஓங்கிய ஓர் அடியைவிடச் சிறு அதிர்வுகளே துருவை இளக்கும்.

4. கொதிநீர் ஊற்றுக. சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியுமாதலால், முளையைச் சுற்றிய துளை சற்று இளகும். எண்ணெயும் பெட்ரோலும் உள்ள இடமாதலால் தீச்சுவாலை கூடாது.

5. வார்ப்பிலேயே நெம்புவதற்கென விட்டுள்ள மேடுகளில் இரு நெம்புகோல்களை எதிரெதிரே வைத்து மாறி மாறிச் சிறிது சிறிதாக நெம்பவும். திறந்த அளவுக்கு மர ஆப்பு செருகி வரவும். உளியை இணைப்பு முகத்தில் அடித்தால் முகம் கீறிப்போகும்.

6. தண்டு பிடித்திருந்தால், திறந்த இடைவெளி வழியாகக் கிளட்ச் தட்டின் நடுவில் எண்ணெய் விட்டு, பெட்டியைக் கியரில் போட்டு, பின்முனையை இருபுறமும் சிறிது திருப்பி அசைக்கவும். அதற்கும் இணங்காவிடில், கிராங்கைத் திருப்பித் திருப்பி, எட்டும் துவாரம் வழியே பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைச் சுற்றுக்குச் சிறிதாகத் தளர்த்தி எடுத்தால், கிளட்ச் முழுதும் பெட்டியோடு சேர்ந்து வந்துவிடும்.

பெட்டி விடுபடும் வேளையில் அதன் முழுப் பாரமும் ஜாக்கியின் மேலேயே இருக்கவேண்டும். தண்டு கிளட்ச் தட்டில் தொங்கினால் தட்டு வளையும். நழுவினால் கீழிருப்பவர் மார்பில் விழும். ஆகவே இருவருக்குக் குறைவாக இவ்வேலையில் இறங்கலாகாது.

மாற்றும்போது கவனிக்கவேண்டியவை

பழைய கிளட்ச் தட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவும். பழைய பெட்டி வாங்கும்போது காதுகள் விரிசலின்றி உள்ளனவா, தண்டின் பற்கள் தேயாமல் இருக்கின்றனவா, பற்களின் எண்ணிக்கை தம் கிளட்ச் தட்டுக்குப் பொருந்துமா என்று கடையிலேயே சரிபார்க்கவும்.

முளைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து மெல்லிய கிரீஸ் தடவினால் அடுத்தமுறை இத்தொல்லை இராது. தட்டை நடுமையத்தில் நிறுத்தி, பெட்டி கைத்தள்ளலிலேயே முழுதும் பொருந்திய பின்னரே போல்ட்டை முடுக்கவேண்டும். போல்ட்டால் இழுத்துச் சேர்த்தால் காது உடையும்.

டிராக்டருக்கு இம்முறை போதாது. அதில் என்ஜினும் பெட்டியுமே வண்டியின் முதுகெலும்பு. பிரித்தவுடன் முன்பாகம் அச்சின் மேல் பக்கவாட்டில் சாயும். உரிய தாங்கிகளும் ஆப்புகளும் உள்ள பட்டறைக்கு அதனைக் கொண்டுசெல்வதே உத்தமம்.