பின்சக்கரம் எப்போது திரும்பக் கூடாது?

2012இல் தொடங்கிய நீண்ட சோதனை ஓட்டத்துக்குப் பிறகு, 2023 மே 31 முதல் 15.65 மீட்டர் நீள ட்ரெய்லர்களுக்குப் பிரிட்டன் முறைப்படி அனுமதி கொடுத்தது. வழக்கமான நீளம் 13.6 மீட்டர். கூடுதலாக இரண்டு மீட்டர்தானே என்றால், தெருமுனையில் திரும்பும்போது தெரியும் சேதி. முன்னால் லாரி அகலமாக வளைந்து போய்விடும். ட்ரெய்லரின் பின்சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டி நடைபாதையில் ஏறும். ஓரமாக நிற்கும் சைக்கிள்காரர்தான் மாட்டிக்கொள்வார்.

12.5 மீட்டர் ஆரமுள்ள வெளிவட்டத்துக்கும் 5.3 மீட்டர் உள்வட்டத்துக்கும் நடுவே வண்டி முழுதும் அடங்கித் திரும்ப வேண்டும் என்பது அங்கே விதி. அதற்காகவே பல நீள ட்ரெய்லர்களில் பின் ஆக்சிலும் திரும்புகிறது.

மலிவான வழி, தானே திரும்பும் ஆக்சில். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரம் மாதிரி, தான் திரும்பும் மையத்துக்குச் சற்றுப் பின்னால் சக்கரம் இருக்கும்; வண்டி போகும் பக்கம் அதுவாகவே திரும்பிக்கொள்ளும். டயர் தரையில் இழுபட்டுத் தேய்வதும் குறையும். ரிவர்ஸ் எடுத்தால் மட்டும் தலைகீழ்: சக்கரம் எதிர்ப்பக்கம் மடங்கப் பார்க்கும். அதனால் ரிவர்ஸ் கியர் போட்டதும் ஆக்சிலை நேராக நிறுத்திப் பூட்டியாக வேண்டும்.

வேகமாகப் போகும்போதும் அந்தப் பூட்டு வேண்டும். சட்டென்று லேன் மாறினால் ட்ரெய்லரின் வாலைப் பிடித்து நிறுத்துவது, பின் டயர்கள் பக்கவாட்டில் தரும் பிடிமானம். இஷ்டத்துக்குத் திரும்பும் சக்கரத்திடம் அது கிடைக்காது. அந்தப் பொறுப்பு முழுதும் மற்ற ஆக்சில்கள் தலையில் விழும். மழைநாளில் வால் வீச இது போதும். விற்க வருபவர் வளைவில் வண்டி திரும்பும் அழகைக் காட்டுவார். பூட்டு எந்த வேகத்தில் விழும் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டேவிட் செபோன் குழு வேறு வழியில் போனது. ட்ரெய்லரின் ஆக்சில்களை ஹைட்ராலிக்கால் திருப்பி, கட்டுப்பாட்டைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். லாரியோடு இணையும் புள்ளி எந்தத் தடத்தில் போனதோ, அதே தடத்தில் ட்ரெய்லரின் பின்முனையும் வர வேண்டும் என்பது கணக்கு. இதனால் திருப்பத்தின் தொடக்கத்தில் வால் பக்கத்து லேனுக்குள் நீட்டுகிற தொல்லையும் அடங்குகிறது. வேகம் கூடும்போது கணக்கு மாறும். அங்கே வளைவைவிட ஆட்டத்தை அடக்குவதுதான் வேலை.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பம்ப், சிலிண்டர், சென்சார் எல்லாம் சேர்ந்தால் எடையும் ஏறும், விலையும் ஏறும். எடை ஏறினால் ஏற்றும் சரக்கு குறையும். லாரி முதலாளி முதலில் பார்ப்பது அதைத்தான்.