காலைப் பலகாரத்தை விட்டால் உடம்பு இளைக்குமா?

(இயந்திரவியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் ஒரு வாரமாக என்னைத் துரத்தினார். கவிதை எனக்கு வராது. 'நட்பு', 'நிலா', 'அன்னை' மூன்று தலைப்பையும் மற்ற டிபார்ட்மெண்ட் நண்பர்கள் முன்னாடியே ரிசர்வ் செய்துவிட்டார்களாம்! மிச்சம் இருந்தது வயிறு ஒன்றுதான். சிரிக்காதீர்கள். இந்த வயிற்று விஷயத்தில் நான் செய்த ஒரு தப்பால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கடைசியில் சொல்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

நானே செய்த பரிசோதனை

எங்கள் ஊர் ஒலக்கூர். திண்டிவனத்துக்கு வடக்கே, சென்னை ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். போன வருஷம் என் எடை 74 கிலோ, உயரம் 165 சென்டிமீட்டர். லேத் ஷாப்பில் கோட்டு பட்டன் போடும்போதெல்லாம் பசங்க "டேய், பட்டன் தெறிச்சு ஜாப் மேல விழப்போவுது" என்று கிண்டல் செய்வார்கள்.

எடை சரியா, அதிகமா என்று பார்க்க ஒரு சுலபமான கணக்கு உண்டு. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 74-ஐ 1.65 x 1.65-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 27.2 வருகிறது. இந்தியர்களுக்கென்று 2009-ல் நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் வகுத்த அளவுப்படி 23-ஐத் தொட்டால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். ஆகவே பசங்க சொன்னது கிண்டல் மட்டும் அல்ல, கணக்கும்தான்!

அப்போது செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். 'காலையில் சாப்பிடாதே, ஒரே மாதத்தில் தொப்பை காணாமல் போகும்' என்றார் ஒருவர். மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். அம்மா விடியற்காலை நாலரைக்கு எழுந்து சுட்டு வைத்த இட்லியைத் தொடாமல் பஸ்ஸுக்கு ஓடுவேன். "ஏன்டா கண்ணு, வெறும் வயித்தோட போற? வாய்க்கு நல்லா இல்லியா?" என்று வாசல் வரைக்கும் வருவாள். "உனக்குத் தெரியாதும்மா" என்பேன்.

ஒரு மாதம் கழித்து எங்கள் ஊர் ரைஸ் மில் தராசில் ஏறி நின்றேன். (நெல் மூட்டை நிறுக்கிற தராசு. பொய் சொல்லாது.) 74.9 கிலோ! தொள்ளாயிரம் கிராம் கூடியிருந்தது.

ஏன் கூடியது?

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பாய்லருக்குள் போகிற எரிபொருளுக்கும், வெளியே வருகிற வேலைக்கும் வெப்பத்துக்கும் கணக்கு சரியாக வர வேண்டும் என்று வகுப்பில் படிக்கிறோம். உடம்புக்கும் அதே சட்டம்தான். உள்ளே போவது அதிகம், செலவு குறைவு என்றால் மிச்சம் கொழுப்பாகச் சேரும். பாய்லர் எரிபொருளைக் காலையில் போட்டார்களா, மதியம் போட்டார்களா என்று பார்ப்பதில்லை. மொத்தம் எவ்வளவு என்றுதான் பார்க்கிறது.

மாவுச்சத்து 1 கிராமுக்கு 4 கிலோ கலோரி, புரதத்துக்கும் 4, கொழுப்புக்கு மட்டும் 9. இதை வைத்து என் நோட்டில் போட்ட கணக்கைப் பாருங்கள். நான் விட்டது நாலு இட்லி, கொஞ்சம் சட்னி. தோராயமாக 300 கிலோ கலோரி. சரி, லாபம்தானே? ஆனால் பத்தே முக்காலுக்கு இண்டர்வல் பெல் அடித்ததும் பசி காதை அடைக்கும். இரண்டு சமோசா, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. சமோசாவின் அளவைப் பொறுத்து அதுவே 500-ஐத் தாண்டும். மதியம் வழக்கத்தை விட ஒரு கரண்டி சோறு கூட. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், 'காலையில்தான் சாப்பிடவில்லையே' என்ற தைரியத்தில் இரண்டு பரோட்டா! 300-ஐ மிச்சம் பிடிக்கப் போய் 800-ஐச் செலவு செய்தவன் நான். தப்பு இட்லியிலும் இல்லை, பட்டினியிலும் இல்லை. நான் கணக்கு வைக்காததுதான் தப்பு.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

'காலை உணவுதான் எல்லாவற்றிலும் முக்கியம்' என்று ஒரு கட்சி. 'அதை விட்டால்தான் இளைக்கும்' என்று எதிர்க்கட்சி. யார் சொல்வது சரி?

முதல் கட்சியின் வாசகத்துக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் 1917-ல் ஒரு உடல்நலப் பத்திரிகை காலை உணவே பல வகையில் முக்கியமான உணவு என்று எழுதியது. அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ஜான் ஹார்வி கெல்லாக். கார்ன் ஃப்ளேக்ஸ் கண்டுபிடித்த அதே கெல்லாக்! காலை உணவு விற்கிறவர்கள் அதைப் புகழ்வதில் ஆச்சரியம் என்ன?

பிறகு காலையில் சாப்பிடாதவர்களுக்கு எடை அதிகம் என்று பல கணக்கெடுப்புகள் வந்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் நண்பர்களே. காலையில் சாப்பிடாதவர்களில் பலர் இரவு வெகுநேரம் விழித்திருப்பவர்கள், கண்ட நேரத்தில் நொறுக்குத்தீனி தின்பவர்கள். எடை கூடியது காலையில் சாப்பிடாததாலா, மற்ற பழக்கங்களாலா? கணக்கெடுப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆட்களைப் பிரித்து, ஒரு பிரிவைச் சாப்பிடச் சொல்லி, இன்னொரு பிரிவைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிச் சோதித்தால்தான் தெரியும்.

அப்படியும் செய்தார்கள். 2014-ல் அமெரிக்காவில் வெளியான சோதனையில், எடை குறைக்க விரும்பிய 309 பேரைச் சேர்த்து 16 வாரம் பார்த்தார்கள். காலையில் சாப்பிடு என்று சொல்லப்பட்டவர்களுக்கும், சாப்பிடாதே என்று சொல்லப்பட்டவர்களுக்கும் எடைக் குறைவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! அதே ஆண்டு இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தார் ஒல்லியானவர்களை வைத்து 6 வாரம் சோதித்தார்கள். காலையில் சாப்பிடாவிட்டால் உடம்பின் எரிபொருள் செலவு மந்தமாகிவிடும் என்று சொல்வார்கள் அல்லவா? ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி இரு பிரிவிலும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் காலையில் சாப்பிட்டவர்கள் பகலில் கொஞ்சம் கூடுதலாக ஓடியாடினார்கள்.

2019-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் இப்படிப்பட்ட 13 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். காலையில் சாப்பிட்டவர்கள் நாளைக்குச் சராசரி 260 கிலோ கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். எடையில் வித்தியாசம் 0.44 கிலோ. அரைக் கிலோகூட இல்லை. அந்தச் சோதனைகளும் குறுகிய காலத்தவை, அவ்வளவு உறுதியானவை அல்ல என்று அவர்களே எழுதினார்கள்.

ஆக முடிவு என்ன? காலைப் பலகாரம் எடையைக் குறைக்கும் மருந்தும் இல்லை, கூட்டும் விஷமும் இல்லை. ராத்திரி படுக்கும்போது அன்றைய மொத்தக் கணக்கு என்ன என்பதுதான் விஷயம்.

என் தங்கச்சி சாப்பிட்ட பொங்கல்

அப்படியானால் சின்னப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே காலை உணவு போட்டது எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. முதல் கட்டம் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25-ல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே சாம்பார். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கு.

அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்த என் தங்கச்சி, "இன்னிக்கு எங்க ஸ்கூல்ல பொங்கல்" என்று கத்திக்கொண்டு ஓடுவாள். அப்பா அம்மா இருவரும் ஆறு மணிக்கே கொல்லைக்குப் போய்விடும் வீட்டில், அந்தப் பொங்கல் பிள்ளையின் பசிக்கு. பசியோடு உட்கார்ந்தால் பாடம் ஏறாது. வளரும் பிள்ளைக்கு அது தேவை. அது வேறு கேள்வி, எடை குறைப்பது வேறு கேள்வி. ஒன்றின் பதிலை எடுத்து இன்னொன்றுக்கு ஒட்டக்கூடாது. ஒட்டிப் பார்த்தவன் நான். அதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

அம்மா விழுந்த கதை

என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை சாப்பிடுகிறாள். உடம்பும் கொஞ்சம் பூசினாற்போல இருக்கும். நான் பட்டினி ஆரம்பித்த மூன்றாவது வாரம், பெரிய மேதாவி மாதிரி அவளிடம் சொன்னேன்: "நீயும் காலைல சாப்பிடாதம்மா. ஒடம்பு எளைச்சா சர்க்கரையும் கொறையும்."

அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் பெருமையாகச் சொன்னாளாம். மறுநாள் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு மல்லாட்டைக் கொல்லைக்குக் களை எடுக்கப் போனாள். பத்து மணி வெயிலில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, அப்படியே வரப்பில் சாய்ந்துவிட்டாள். கூட இருந்த அத்தை புத்திசாலி. நினைவு இருக்கிறதா என்று பார்த்து, டீக்கு வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் அம்மா என்னையும் உட்கார வைத்து விளக்கினார். சர்க்கரை மாத்திரைகளில் சில வகை, கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும். சாப்பாடு உள்ளே வரும் என்ற நம்பிக்கையில் கொடுக்கப்படும் மாத்திரை அது. சாப்பாடு வராமல் மாத்திரை மட்டும் போனால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, மயக்கம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். இவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக்கூடாது.

"யாரும்மா உன்னைச் சாப்பிட வேணாம்னு சொன்னது?" என்று டாக்டர் அம்மா கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, "நானாத்தாம்மா விட்டுட்டேன்" என்றாள். அன்றைக்கு நான் தலை குனிந்தவன்தான்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். உங்கள் வீட்டிலும், தெருவிலும் கட்டாயம் ஒருவர் இருப்பார். அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

சரி, என்ன செய்யலாம்?

மாத்திரை, ஊசி இல்லாத, நல்ல உடம்புள்ள நம் வயசுக்காரர்கள் எடை குறைக்க வேண்டுமானால்:

1. காலையில் பசிக்கிறதா, சாப்பிடுங்கள். பசிக்கவில்லையா, கட்டாயம் இல்லை. ஆனால் விட்டதை இண்டர்வலில் வட்டியோடு வாங்காதீர்கள்.

2. எவ்வளவு என்பதோடு எது என்றும் பாருங்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளின் சக்தியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. நம் தட்டிலோ காலை இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. மூன்று வேஷம், ஒரே அரிசி! இட்லியில் ஒன்றைக் குறைத்து ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்தால் பசி தாங்கும். மல்லாட்டையும் நல்லதுதான். ஆனால் அதில் பாதி எண்ணெய், ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள்.

3. வெறும் வயிற்றில் தலை சுற்றுகிறவர்கள் லேத், டிரில்லிங் மெஷின் பக்கம் போக வேண்டாம். எடையை அப்புறம் குறைக்கலாம், விரல் போனால் வராது.

4. அவசரம் வேண்டாம். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கிலோ கலோரி இருக்கிறது. ஒரு வாரத்தில் ஐந்து கிலோ என்று யாராவது சொன்னால் அவர் கணக்குப் பாடத்தில் அரியர் வைத்தவர்!

நான் இப்போது மூன்று இட்லியும் ஒரு முட்டையும் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். சமோசாவை நிறுத்தினேன். பரோட்டா வாரம் ஒரு நாள். பஸ் நிறுத்தம் வரை சைக்கிள். மூன்று மாதத்தில் ரைஸ் மில் தராசு 71.8 காட்டியது. இது இட்லியின் வெற்றி இல்லை நண்பர்களே, சமோசாவின் தோல்வி!

கடைசியாக ஒன்று. நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். வெளியே நம் சொல்லுக்கு என்ன மதிப்போ தெரியாது, வீட்டில் அது வேதவாக்கு. தெரியாததை "தெரியாது, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்வதும் படிப்புதான் என்று நான் மல்லாட்டைக் கொல்லை வரப்பில் கற்றுக்கொண்டேன்.

இப்போதெல்லாம் காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் இரண்டு தட்டு. அம்மா சாப்பிட்ட பிறகுதான் மாத்திரைப் பட்டையை அவள் கையில் கொடுக்கிறேன். டாக்டர் அம்மா எழுதிக் கொடுத்த நேரப்படி. நானாகச் சொன்னது எதுவும் அதில் இல்லை.