தோற்ற மருந்து ஜெயித்தது எப்படி?

சினைப்பைப் புற்றுநோய்க்கு இன்றும் முதல் ஆயுதம் பிளாட்டினம் சேர்ந்த கீமோதான். முதல் சுற்றில் பலருக்கும் நன்றாகவே கேட்கும். கடைசி டோஸ் முடிந்து ஆறு மாதத்துக்குள் கட்டி திரும்பினால்தான் சிக்கல். ‘பிளாட்டினத்துக்கு அடங்காத’ வகை என்று அதைத் தனியாகப் பிரிப்பார்கள். அதன்பின் வேறு கீமோ கொடுத்தாலும் கட்டி சுருங்குவது சிலருக்கே.

இவர்களுக்காகச் சோதித்த மருந்துகள் பல மண்ணைக் கவ்வின. நோயெதிர்ப்பைத் தூண்டும் அவெலுமாப், 566 பெண்களிடம் நடந்த சோதனையில் எடுபடவில்லை.

மிர்வெடுக்ஸிமாப் என்ற மருந்தும் 2019இல் தோற்றதுதான். இந்நோயில் பல கட்டிகளின் செல்களில் ‘ஃபோலேட் ஏற்பி ஆல்ஃபா’ என்ற புரதம் மிகுந்திருக்கும். அதைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடியில் நஞ்சை ஏற்றி அனுப்புகிறார்கள். செல்லுக்குள் போனதும் நஞ்சு கழன்று வேலையைக் காட்டும். 366 பேரிடம் சோதித்தும், கீமோவைவிட மேல் என்று நிரூபிக்க முடியவில்லை.

கோளாறு மருந்தில் மட்டும் இல்லை, ஆள் தேர்விலும் இருந்தது. புரதத்தை அளக்க எளிமைப்படுத்திய முறையைக் கையாண்டதால், புரதம் போதிய அளவு இல்லாதவர்களும் சோதனைக்குள் வந்துவிட்டார்கள். ஒட்ட இடமில்லாத செல்லில் மருந்து என்ன செய்யும்?

பின்னர் நடந்த சோதனையில் அளவுகோலை இறுக்கினார்கள்: நூற்றில் 75 செல்களிலாவது புரதத்தைக் காட்டும் சாயம் நடுத்தரமாகவோ அழுத்தமாகவோ ஏறியிருக்க வேண்டும். அப்படித் தேர்ந்த 453 பேரில், கட்டி சுருங்கியவர்கள் கீமோவில் 16 சதவீதம், புது மருந்தில் 42 சதவீதம். இடைநிலை (median) ஆயுள் 12.75 மாதத்திலிருந்து 16.46 மாதமாக உயர்ந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்கா முழு அனுமதி தந்தது.

நாலு மாதம் கூட இல்லையே என்று உதடு பிதுக்கலாம். கீமோவோடு பெவாசிசுமாப் என்ற மருந்தைச் சேர்த்த பழைய சோதனையில் நோய் கொஞ்சம் தள்ளிப்போனதே தவிர, ஆயுள் கூடியதாக உறுதிப்படவில்லை. அதை நினைத்தால் இது சின்ன விஷயமல்ல. குணமாக்கும் மருந்து என்று சொன்னால் மட்டும் பொய். இதனால் பார்வை மங்கலாம், கருவிழி பாதிக்கப்படலாம். கண் மருத்துவரின் கண்காணிப்பும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் கூடவே வேண்டும்.

ஆபரேஷனில் எடுத்த கட்டியின் மெழுகு பிளாக் ஆய்வகத்தில் இருக்கும். நோய் திரும்பியவர்கள், அதில் இந்தப் புரதத்தைச் சோதிக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.